போதையில் வீழ்ந்தவரைக் கைவிடாதீர்கள்



போதை ஹராம். இதில் மார்க்க அறிஞர்களிடம் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால், ஊசி வழியே ஹெராயின் ஏற்றிக்கொண்டு மூச்சு அடங்கிக் கிடக்கும் ஒரு வாலிபரைக் கண்டால் நம் கடமை என்ன? பலர் அவரை விட்டு விலகிச் செல்வதையே மார்க்கப் பற்று என்று நினைக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கிங்ஸ் கிராஸ் என்றொரு பகுதி. 1990களில் அங்கே ஹெராயின் ஊசியால் பலர் இறந்தார்கள். 2001 மே மாதம் அங்கே மருத்துவக் கண்காணிப்புடன் ஓர் ஊசிக்கூடம் திறக்கப்பட்டது. அந்தக் கூடம் போதைப்பொருள் தருவதில்லை. ஊழியர்கள் ஊசி போட்டுவிடுவதும் இல்லை. வருபவர் தான் கொண்டுவந்ததைச் சுத்தமான ஊசியில், செவிலியரின் கண்முன்னே போட்டுக்கொள்கிறார். மூச்சு தடுமாறினால் ஆக்சிஜன் கொடுக்கிறார்கள்; தேவைப்பட்டால் நலோக்சோன் என்ற முறிவு மருந்தைத் தருகிறார்கள். விரும்புபவரைச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அளவு மீறி ஆபத்துக்குள்ளான ஆயிரக்கணக்கான நிகழ்வுகளை அந்தக் கூடம் கண்டிருக்கிறது. அங்கே அதனால் ஒருவர்கூட இறக்கவில்லை.

"ஹஜ்ரத், இது ஹராமுக்கு இடம் கொடுப்பதாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மஸ்ஜிதுந் நபவியில் ஒரு கிராமவாசி சிறுநீர் கழித்த சம்பவத்தைச் சிந்தியுங்கள். ஸஹாபாக்கள் அவரைத் தடுக்கப் பாய்ந்தார்கள். நபி (ஸல்) அவர்களோ, அவரை இடையில் நிறுத்த வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். அவர் முடித்த பின் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். பள்ளிவாசலின் கண்ணியத்தை அவருக்கு மென்மையாக உணர்த்தினார்கள் (புகாரி, முஸ்லிம்). பாதியில் விரட்டியிருந்தால் அவர் உடலுக்கும் கேடு, அசுத்தமும் பல இடங்களில் பரவியிருக்கும் என்று இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். அந்தச் செயலை நபியவர்கள் சரி காணவில்லை. பெரிய தீங்கைத் தடுக்கச் சிறிய தீங்கைப் பொறுத்துக்கொண்டார்கள். இரு தீங்குகள் எதிர்ப்படும்போது இலேசானதை ஏற்பது என்ற ஃபிக்ஹ் சட்டவிதிக்கு இது ஓர் ஆதாரம்.

போதையின் அடிமையும் இப்படித்தான். அவர் உயிரோடு இருந்தால்தான் தவ்பா செய்ய முடியும். மய்யித்தாகிவிட்டால் நம் உபதேசம் யாருக்கு?

மது அருந்தித் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள் (புகாரி). தண்டனை நின்றது, சாபம் தடுக்கப்பட்டது. நாமோ அவரை மஹல்லாவை விட்டே ஒதுக்கிவிடுகிறோம். அவமானத்துக்குப் பயந்து பெற்றோர் மறைக்கிறார்கள். மறைக்கும் வீட்டில்தான் மரணம் தனிமையில் வருகிறது.

ஆகவே சகோதரர்களே, போதை விற்பவரைத் தடுங்கள். அதற்கு அடிமையானவரைத் தாங்குங்கள். மூச்சுத் திணறிக் கிடப்பவரைக் கண்டால் பயந்து ஓடாமல் 108ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உதவி வரும்வரை உடனிருங்கள். மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446 என்ற அரசு இலவச எண் இருக்கிறது. மீண்டு வருபவருக்கு முதல் ஸஃப்பில் இடம் கொடுங்கள். வேலையும் தேடிக் கொடுங்கள்.

ஓர் உயிரை வாழவைப்பது மனித குலத்தையே வாழவைப்பது போன்றது என்பது குர்ஆன் (5:32) தரும் பாடம். அந்த நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் பிள்ளைகளை இந்தக் கேட்டிலிருந்து காப்பானாக! ஆமீன்.