ஒளுவுக்கு எவ்வளவு தண்ணீர்?

பாலாறு–பொருந்தலாறு அணை நம் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, திறந்த குழாயை மூட நமக்குத் தோன்றுவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில் ஒளுச் செய்வார்கள், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முத்து என்றால் கடல் முத்தல்ல; நடுத்தரமான ஒருவர் இரு கைகளாலும் சேர்த்து அள்ளும் அளவு. ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபி கணக்கில் சற்றுக் கூடும். நான்கு முத்து ஒரு ஸாஉ. ஆக, குளிப்பதற்கே மூன்று, நான்கு லிட்டர்தான்!

ஓடும் ஆற்றங்கரையிலும் ஒளுவில் விரயம் கூடாது என்ற இப்னு மாஜா அறிவிப்பின் தொடர் பலவீனமானது என்பர். ஆனால் உண்ணவும் பருகவும் அனுமதித்த கையோடு விரயத்தைத் தடுக்கும் 7:31 வசனம் போதாதா?

ஹவுளில் அள்ளி ஒளுச் செய்த காலத்தில் இந்தக் கவலை குறைவு. இப்போது தலைக்கு மஸஹ் செய்யும்போதும் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் ஒருநாள் குழாயடியில் வாளி வைத்து ஒளுச் செய்து, சேர்ந்ததை லிட்டர் பாட்டிலால் அளந்து பாருங்கள். மறுநாள் சொம்பில் எடுத்துச் செய்து பாருங்கள். வாளியில் சேர்ந்தது சோப்புக் கலக்காத நீர். முருங்கைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடலாம்.