கூரைப் பாலம் பார்க்கப் போகிறீர்களா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கூரை போட்ட பழைய மரப்பாலங்கள் நூறு இருக்கும். இலையுதிர் காலத்தில் வருபவர்கள் பட்டியல் போட்டுக்கொண்டு பாலத்துக்கு ஒரு படம் எடுத்து ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு நாளைக்கு மூன்று போதும்: வின்ட்சர், டாஃப்ட்ஸ்வில், வுட்ஸ்டாக். மூன்றும் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் அடங்கும்.

காலையில் வின்ட்சர். கனெக்டிகட் ஆற்றின் மேல் 1866-ல் கட்டிய பாலம். சுமார் 450 அடி நீளம். எதிர்க்கரைக்கு, அதாவது நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் போய் நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகில், வெளிச்சம் பாலத்தில், பாலத்துக்குப் பின்னால் அஸ்கட்னி மலை. வாசலுக்கு மேலே பழைய எச்சரிக்கைப் பலகை: குதிரையை நடக்க விடு, இல்லையேல் இரண்டு டாலர் அபராதம். குதிரைகள் சேர்ந்து ஓடினால் பாலம் அதிரும் என்ற பயம்.

அடுத்தது 1836-ல் கட்டிய டாஃப்ட்ஸ்வில் பாலம். 2011-ல் ஐரீன் புயல் வெள்ளத்தில் அடிபட்டதை 2013-ல் மறுபடி திறந்தார்கள். ஒரு வண்டிதான் போக முடியும். முகப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்; எதிரே வண்டி நுழைந்துவிட்டால் நின்று வழிவிடுங்கள். வண்டி உயரமானதென்றால் வாசலில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

வுட்ஸ்டாக்கில் ஊர் நடுவே உள்ள பாலம் 1969-ல் கட்டியதுதான். ஆனால் பழைய முறையில் கட்டியது. ஓரத்தில் நடைபாதை உண்டு என்பதால், வண்டிக்குப் பயப்படாமல் நின்று பார்க்கலாம். பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்துப் பின்னி, சேரும் இடங்களில் மர முளை அடித்திருக்கிறார்கள். பாலத்தைத் தாங்குவது இந்தப் பக்கச் சட்டகம்தான். நனைந்து நனைந்து காய்ந்தால் சில ஆண்டுகளிலேயே உளுத்துவிடும். கூரை அதைக் காக்க வந்தது, நம்மைக் காக்க அல்ல. ஆனால் கூரை பனியையும் தடுத்துவிடுமே; அந்தக் காலத்தில் பனிச்சறுக்கு வண்டி போவதற்காக, குளிர்காலத்தில் பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் கொட்டினார்களாம்!

இந்தப் பகுதிக்கு அக்டோபர் முதல் பாதி நல்ல நேரம். வார நாளாகப் பாருங்கள். சனி, ஞாயிறில் வுட்ஸ்டாக்கில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் வராது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ஆறரை மணிவாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். நேரம் போதாவிட்டால் ஒரு பாலத்தை விடுங்கள்; பார்க்கிற பாலத்துக்குள் நடக்காமல் மட்டும் வராதீர்கள்.