பப்பாளி சொல்லும் பாடம்

வீட்டுக் கொல்லையில் தானாகவே முளைத்துக் காய்க்கும் மரம் பப்பாளி. அதனால், அதனை வளர்ப்பது எளிது என்றே பலரும் எண்ணுவர். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் ஒரு வட்டாரத்தின் பப்பாளித் தோட்டங்களையே அழித்துவிடக்கூடும். அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் அதுதான் நிகழ்ந்தது.

1950களில் ஒவாஹு தீவின் பப்பாளித் தோட்டங்களை வளையப்புள்ளி வைரஸ் தாக்கியது. இந்நோய் கண்ட மரத்தின் இலைகள் மஞ்சளாகிச் சுருங்கும், காய்களின்மேல் வட்ட வட்டமாகப் புள்ளிகள் தோன்றும், விளைச்சல் குன்றும். அசுவினிப் பூச்சிகள் இதனை மரத்துக்கு மரம் பரப்புகின்றன. நோயுற்ற மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. எனவே, விவசாயிகள் மற்றொரு தீவிலுள்ள புனா வட்டாரத்திற்குப் பப்பாளிப் பயிரை மாற்றினர். 1992ஆம் ஆண்டு வைரஸ் அங்கும் வந்து சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் புனாவின் விளைச்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்த தாவர நோயியல் அறிஞர் டென்னிஸ் கொன்சால்வஸ், தம் குழுவினருடன் ஏற்கெனவே ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவர் ஹவாயில் பிறந்தவர். வைரஸின் மேலுறைப் புரதத்துக்குரிய மரபணுவை அக்குழுவினர் பப்பாளியின் உயிரணுக்களில் செலுத்தினர். அவற்றிலிருந்து வளர்ந்த மரங்கள் அந்த வைரஸை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றன. 1995இல் புனாவில் தொடங்கிய வயல் சோதனையில், நோயுற்று மஞ்சளித்த மரங்களுக்கிடையே இம்மரங்கள் பச்சைப் பசேலென நின்றன. 1998இல் ‘ரெயின்போ’ என்னும் வகையின் விதைகள் விவசாயிகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. கைவிடப்படும் நிலையிலிருந்த தோட்டங்கள் மீண்டும் காய்த்தன.

இம்முறை வழக்கமான கலப்பினப் பெருக்கத்திலிருந்து வேறுபட்டது. மலேசியர்கள் நன்கறிந்த ‘எக்சோதிகா’ பப்பாளி, ஹவாய்ப் பப்பாளி ஒன்றையும் உள்நாட்டுப் பப்பாளி ஒன்றையும் கலந்து உருவாக்கப்பட்டதாகும். அங்கே பப்பாளியின் மரபணுக்களே ஒன்று சேர்ந்தன. ரெயின்போவிலோ வைரஸின் மரபணுவும் இடம்பெற்றுள்ளது.

எனினும், இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஹவாயின் முக்கியச் சந்தையாக இருந்த ஜப்பான், 2011ஆம் ஆண்டு இறுதிவரை இப்பழத்தை அனுமதிக்கவில்லை. இயற்கை வேளாண்மை செய்தவர்களோ, அண்டைத் தோட்டத்து மகரந்தம் தங்கள் மரங்களிலும் கலந்துவிடுமோ என அஞ்சினர். ஒருவருடைய தோட்டத்தைக் காத்த விதை, மற்றொருவருக்குக் கவலையைத் தந்தது.

பிற பயிர்களிலும் எச்சரிக்கைகள் உள்ளன. பிரேசில் கொட்டையின் மரபணு சேர்க்கப்பட்ட சோயா, அக்கொட்டை ஒவ்வாதவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும் என 1990களில் ஆய்வில் தெரிந்தது. அது விற்பனைக்கு வரவே இல்லை. களைக்கொல்லியைத் தாங்கும் சோயா அமெரிக்காவில் 1996இல் அறிமுகமானது. விவசாயிகளின் வேலை எளிதானது. ஆனால், ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்ததால், அதற்கு மடியாத களைகள் பெருகின. அதே வேளையில், விற்பனையிலுள்ள மரபணு மாற்று உணவுகள் மற்ற உணவுகளைவிட உடல்நலத்திற்கு அதிகக் கேடு விளைவிப்பதற்கு உறுதியான சான்று இல்லை என 2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் அறிவித்தன.

ஆகவே, மரபணு மாற்று உணவு அனைத்தையும் நல்லதென்றோ தீயதென்றோ ஒரே சொல்லில் கூறிவிட இயலாது. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே ஆராய வேண்டும். எந்த மரபணு சேர்க்கப்பட்டது? அதனால் பயன்பெறுபவர் யார்? தீங்கு நேர்ந்தால் அதனை ஏற்கப்போகிறவர் யார்? மலேசியாவில் இத்தகைய உயிரினங்களை இறக்குமதி செய்யவும் வயலில் வெளியிடவும் முன் அனுமதி தேவை என உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007 கூறுகிறது. பயனீட்டாளர்களும் இக்கேள்விகளைக் கேட்கப் பழகினால், வதந்தியை நம்பி அஞ்சவும் மாட்டார்கள். விளம்பரத்தை நம்பி ஏமாறவும் மாட்டார்கள்.