அப்பத்தாவின் கூடை

2020 டிசம்பர் மாதம். புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. பாம்பன் அருகே வலுக் குறைந்தது. ஆனாலும் மழை விடவில்லை. படகுகள் கடலுக்குப் போகவில்லை.

புயல் கூண்டு இறக்கப்பட்டது. கடல் அடங்கியது. ஓர் அப்பத்தாவும் பேத்தியும் கூடையோடு கரைக்கு வந்தார்கள். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. சிப்பி, சோழி பொறுக்கி விற்றால் கொஞ்சம் காசு கிடைக்கும்.

கரை முழுவதும் சிப்பிகள் கிடந்தன.

"இவ்வளவும் எங்கிருந்து வந்தது அப்பத்தா?"

"புயல் அலை கடலின் அடி மணலையே கிளறிவிடும் தாயி. மணலுக்குள் இருப்பதை வாரிக் கரையில் போடும்."

பேத்தி அழகான ஒரு சங்கைப் பார்த்தாள். பம்பரம் போல இருந்தது. எடுக்கக் குனிந்தாள். அப்பத்தா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதே! உள்ளே உயிர் இருந்தால் ஊசி போலக் குத்தும். விஷம். ஆளையே கொல்லும்."

கொஞ்ச தூரத்தில் அப்பத்தாவுக்குப் பெரிய சங்கு ஒன்று கிடைத்தது. நல்ல கனம். நல்ல விலை போகும். அவர் முகம் மலர்ந்தது.

பேத்தி அதைத் திருப்பிப் பார்த்தாள். சங்கின் வாயைக் கெட்டியான மூடி அடைத்திருந்தது.

"இதுவும் உயிரோடு இருக்கு அப்பத்தா. விட்டால் முட்டையிடும். குஞ்சு பொரிக்கும்."

அப்பத்தா கூடையைப் பார்த்தார். அது பாதிகூட நிறையவில்லை. சங்கைப் பார்த்தார்.

"என் சின்ன வயதில் இது கரையெல்லாம் கிடக்கும். எல்லாவற்றையும் எடுத்தோம். இப்போது தேட வேண்டியிருக்கிறது" என்றார்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். சங்கை மெல்ல மணலில் வைத்தார். திரும்பி வந்து வெறும் சிப்பிகளைப் பொறுக்கினார். அன்று அரைக்கூடைதான் கிடைத்தது. அரைக்கூடைக்கு உரிய அரிசி வந்தது.

தெரிந்துகொள்வோம்

1. புயல் கூண்டு இறங்கும் வரை கரைக்குப் போகக் கூடாது.
2. அறுந்த மின்கம்பி, கண்ணாடி, ஆணி கிடக்கலாம். செருப்பு அணிந்து செல்லுங்கள்.
3. பம்பரம் போன்ற கூம்புச் சங்கைத் தொடாதீர்கள். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. குத்தினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
4. வெறும் சங்குகளிலும் சிலவற்றை விட்டு வையுங்கள். துறவி நண்டுக்கு அதுதான் வீடு.
5. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. அங்கே சங்கு எடுக்கக் கூடாது.
6. சில சங்கு வகைகளை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. வெறும் ஓடானாலும் அவற்றை விற்பது குற்றம். சந்தேகம் வந்தால் வனத்துறையிடம் கேளுங்கள்.

பேசுவோம்

1. சங்கில் உயிர் இருப்பதைப் பேத்தி எப்படிக் கண்டாள்?
2. அப்பத்தாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?