பரங்கிக்காய் விளக்கு: அமெரிக்கப் பள்ளிகளில் ஹாலோவீன்

உரைநடைப் பாடம்

நுழையுமுன்

மக்கள் ஊர்விட்டு ஊர் செல்லும்போது உடைமைகளோடு விழாக்களும் உடன் செல்கின்றன. சென்ற இடத்தில் அவை புதிய உருவம் கொள்கின்றன. அவ்வாறு அயர்லாந்திலிருந்து கடல் கடந்து அமெரிக்கா சென்று, அங்குள்ள வகுப்பறைகளுக்குள் நுழைந்த ஒரு விழாவைப் பற்றி இப்பாடம் கூறுகிறது. வகுப்பில் எடுக்கப்படும் விழா அவ்வகுப்பின் பிள்ளைகள் அனைவருக்கும் உரியதாக இருக்கிறதா என்னும் வினாவையும் எழுப்புகிறது.

1. அணிவகுப்பு நாள்

அக்டோபர் மாதம் 31ஆம் நாள், அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆரவாரம் மிகுந்த நாளாகும். காலையில் வகுப்புகள் வழக்கம்போல் நடைபெறும். நண்பகல் உணவு முடிந்ததும் மாணவர்கள் தாம் கொண்டுவந்த பைகளைத் திறந்து வேடம் புனைவர். ஒருவன் விண்வெளி வீரனாவான், ஒருத்தி தேனீயாவாள், மற்றொருவன் பழைய அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, தானே ரயில் வண்டியாகி வருவான். சூனியக்காரியும் பேயும் எலும்புக்கூடும் அவர்களோடு கைகோத்து நடக்கும்! ஆசிரியர்களும் வேடமிட்டு முன்செல்ல, பள்ளி வளாகத்தைச் சுற்றி அணிவகுப்பு நடைபெறும். பெற்றோர் வழியோரம் நின்று கையசைப்பர்; படம் எடுப்பர்.

பின்னர் வகுப்பறையில் சிறு விருந்து நிகழும். பிஸ்கட்டும் ஆப்பிள் சாறும் பரிமாறப்படும். குழுவில் ஒருவரைத் தாள்சுருளால் தலைமுதல் கால்வரை சுற்றி எகிப்திய மம்மியாக்கும் விளையாட்டு, பிள்ளைகளுக்கு மிகவும் விருப்பமானது.

இந்நாளுக்கெனப் பல பள்ளிகள் விதிகளும் வகுத்துள்ளன. முகத்தை முழுவதும் மறைக்கும் முகமூடி கூடாது. வாளும் துப்பாக்கியும் பொம்மையாக இருப்பினும் கூடாது. குருதி வழிவதுபோன்ற ஒப்பனை கூடாது. சிறு பிள்ளைகள் அஞ்சுவர் அன்றோ?

2. விழா வந்த வழி

ஹாலோவீன் என்னும் சொல், 'புனிதர் அனைவரின் திருநாளுக்கு முந்தைய மாலை' எனப் பொருள்படும். கிறித்தவத் திருச்சபை நவம்பர் 1ஆம் நாளைப் புனிதர் அனைவரின் பெருவிழாவாகப் போற்றுகிறது. அதற்கும் முன்பே, அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்ட்டு மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இவ்வேளையில் 'சௌவின்' என்னும் விழாவை எடுத்தனர். இறந்தோரின் ஆவிகள் அன்றிரவு உலவும் என்பது அவர்தம் நம்பிக்கை. பிற்காலத்தில் அந்நாட்டு மக்கள், இந்தியில் ஷல்ஜம் எனப்படும் டர்னிப் கிழங்கைக் குடைந்து, அச்சந்தரும் முகம் செதுக்கி, உள்ளே ஒளியேற்றி வைத்தனர். தீய ஆவிகள் அதனைக் கண்டு விலகும் எனக் கருதினர்.

1845ஆம் ஆண்டு அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதனைத் தொடர்ந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் தாய்நாட்டை விட்டு வெளியேறினர். அவருள் பலர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். அவர்கள் கொண்டுசென்ற பொருள்கள் மிகச் சில. ஆயினும் பிறந்த மண்ணின் வழக்கங்களை அவர்கள் மறக்கவில்லை. புதிய நாட்டில் அவர்கள் கண்ணில் பட்டது பரங்கிக்காய். அது கிழங்கைவிடப் பெரியது, குடைவதற்கும் எளியது. இவ்வாறு கிழங்கு விளக்கு, பரங்கிக்காய் விளக்காக மாறியது.

பரங்கிக்காயின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். ஐரோப்பியர் வழியாகவே அது நம் நாட்டை அடைந்தது. பரங்கியர் கொண்டுவந்த காய் ஆதலின் பரங்கிக்காய் எனப் பெயர் பெற்றது என்பர். நம் வீட்டுச் சாம்பாரில் மிதக்கும் அக்காயும் ஒரு காலத்தில் புதிதாக வந்திறங்கிய விருந்தாளியே.

3. குறும்பிலிருந்து ஊர்வலத்திற்கு

தொடக்கத்தில் ஹாலோவீன் இரவு, இளைஞர்களின் குறும்பு இரவாகவே இருந்தது. சாளரங்களில் சோப்பைத் தேய்ப்பர். வேலிக் கதவுகளைக் கழற்றி எறிவர். மின்னசோட்டா மாநிலத்தின் அனோக்கா நகரில் பசுக்களை அவிழ்த்துக் கடைத்தெருவில் திரியவிட்டனர். பொறுமையிழந்த அந்நகரப் பெரியோர், தண்டனையால் அன்றி விழாவால் இதனை மாற்ற முடிவு செய்தனர். 1920ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகள் வேடமிட்டு நகரில் ஊர்வலம் வந்தனர். அவர்களுக்குத் தின்பண்டங்கள் வழங்கப்பட்டன. அனோக்கா இன்றளவும் தன்னை 'உலகின் ஹாலோவீன் தலைநகர்' என அழைத்துக்கொள்கிறது.

மாலையில் பிள்ளைகள் வீடுதோறும் சென்று, "விருந்து தருகிறீர்களா? குறும்பு செய்யட்டுமா?" எனக் கேட்டு மிட்டாய் பெறுவதும் பெருவழக்காயிற்று. 1950ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் சில பிள்ளைகள் அவ்வழக்கத்தை நல்வழியில் திருப்பினர். அவர்கள் பால் அட்டைப் பெட்டிகளை ஏந்திச் சென்று, பிற நாட்டுக் குழந்தைகளுக்காக நாணயங்களைத் திரட்டி, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்கு அனுப்பினர். பின்னாளில் அமெரிக்கப் பள்ளிகள் பலவும் இதனை மேற்கொண்டன.

4. காயும் கணக்கும்

நல்லாசிரியர் விழாவையும் பாடமாக்குவர். ஒரு பரங்கிக்காயை மேசைமேல் வைத்து, அதன் எடை யாது, சுற்றளவு யாது என மாணவரை அளக்கச் செய்வர். உள்ளே எத்தனை விதைகள் இருக்கும் என முதலில் ஊகித்து எழுதவேண்டும். பின்னர்க் காயைப் பிளந்து, விதைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணிச் சரிபார்க்கவேண்டும். அத்துணைப் பெரிய காய் நீரில் மிதக்குமா, மூழ்குமா? மிதக்கும்; அதன் உள்ளீடு வெற்றிடம் ஆதலின்.

பேய் வேடத்திற்கு மாற்றாக, 'கதைமாந்தர் நாள்' நடத்தும் பள்ளிகளும் உண்டு. மாணவர் தாம் படித்த நூலில் வரும் மாந்தராக வேடமிட்டு, அந்நூலையும் கையில் ஏந்தி வரவேண்டும்.

5. வாயிலில் நிற்கும் பிள்ளை

இத்துணை மகிழ்ச்சிக்கிடையே ஒரு பிள்ளையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவனிடம் வேடம் இல்லை. கடையில் வாங்கும் உடைக்கு அவன் வீட்டில் பணம் இல்லாதிருக்கலாம். அவனுடைய குடும்பத்தின் சமயம் இவ்விழாவை ஏற்காதிருக்கலாம். யெகோவாவின் சாட்சிகள் ஹாலோவீனைக் கொண்டாடுவதில்லை. வேறு சில கிறித்தவ, யூத, இசுலாமியக் குடும்பங்களும் விலகி நிற்கின்றன. அணிவகுப்பு நடைபெறும் வேளையில் அத்தகைய பிள்ளைகள் நூலகத்தில் அமர்ந்திருப்பர். அல்லது அன்று பள்ளிக்கே வாரார். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கோ விருந்தின் இனிப்பே ஆபத்தாகும்.

இதனை எண்ணி, 2023ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் சௌத் ஆரஞ்சு - மேப்பிள்வுட் பள்ளி மாவட்டம், பள்ளி நேரத்தில் ஹாலோவீன் கொண்டாட்டம் வேண்டாம் என முடிவு செய்தது. உடனே வாதம் மூண்டது. "சிலருக்காகப் பலருடைய மகிழ்ச்சியைப் பறிப்பதா?" என்றனர் ஒரு சாரார். மாநில ஆளுநரும் அம்முடிவை வெளிப்படையாக மறுத்துரைத்தார். "மகிழ்ச்சியை மாலையில் வீட்டில் கொண்டாடலாம், வகுப்பறை எல்லார்க்கும் பொது" என்றனர் மறு சாரார். இரு கூற்றிலும் நியாயம் உண்டு.

வேடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கத் தொல்குடியினர் பெருமதிப்புடன் அணியும் இறகு முடியைச் சிலர் விளையாட்டுக்காகச் சூடினர். 2011ஆம் ஆண்டு ஓஹையோ பல்கலைக்கழக மாணவர்கள் இதனை எதிர்த்துச் சுவரொட்டிகள் வெளியிட்டனர். ஒரு மக்களின் பண்பாடு மற்றவர்க்கு வேடப்பொருள் ஆகாது என்பதே அவர்கள் உணர்த்திய கருத்து. தேனீயாக வேடமிட்டால் தேனீ வருந்துவதில்லை. அருகில் அமர்ந்திருக்கும் தோழனின் பாட்டனாராக வேடமிட்டு நகைத்தால் தோழன் வருந்துவான்.

6. வழி கண்டோர்

விழாவை நிறுத்தாமலும் எவரையும் விலக்காமலும் நடத்த வழி தேடியோரும் உளர். சில பள்ளிகள், பயன்படுத்திய வேட உடைகளைப் பெற்றோரிடம் திரட்டி, வேண்டுவோர்க்கு அளிக்கின்றன. சில பள்ளிகள் பேய்களை விடுத்து, 'இலையுதிர்கால விழா' என அறுவடையைக் கொண்டாடுகின்றன. ஒவ்வாமை உடைய பிள்ளைகளுக்காக, 2014ஆம் ஆண்டு முதல் அமெரிக்கா எங்கும் ஒரு வழக்கம் பரவியது. வீட்டு வாயிலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காய் ஒன்றை வைப்பர். 'இங்கு மிட்டாய்க்கு மாற்றாகப் பென்சிலும் பந்தும் கிடைக்கும்' என்பது அதன் பொருள். அதனைக் கண்ட பிள்ளை அச்சமின்றிக் கதவைத் தட்டுவான்.

மாணவர்களே! வேற்று மாநிலத்தில் பயிலும் உங்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டும் அன்று. பொங்கலன்று வீட்டில் பால் பொங்கும் வேளையில், பையைச் சுமந்து பள்ளிக்கு வந்து அமர்ந்த நாள் உங்களுள் பலர்க்கு இருக்கும். அருகிலிருந்த தோழி, "இன்று உங்கள் வீட்டில் என்ன விழா?" என ஒரு சொல் கேட்டிருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பீர்கள்! அவ்வொரு சொல்லை நீங்கள் பிறரிடம் கேளுங்கள். உங்கள் வகுப்பின் அடுத்த விழாவில் ஓரமாக நிற்பவர் யார் எனத் திரும்பிப் பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்

புனைதல் – அணிதல், ஒப்பனை செய்தல்
குருதி – இரத்தம்
சாளரம் – சன்னல்
ஊகித்தல் – உய்த்து உணர்தல்
ஒவ்வாமை – உடல் ஏற்காமை
சாரார் – பிரிவினர்

இலக்கணம் அறிவோம்: திசைச்சொல்

வடசொல் தவிர, பிற மொழிகளிலிருந்து வந்து தமிழில் கலந்து வழங்கும் சொற்கள் திசைச்சொற்கள் எனப்படும். சாவி, சன்னல், அலமாரி, மேசை ஆகியவை போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. விழாவைப் போலவே சொல்லும் நாடு விட்டு நாடு செல்லும் என்பதை இவை உணர்த்துகின்றன.

பயிற்சிகள்

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. அயர்லாந்து மக்கள் முதலில் விளக்காகக் குடைந்தது ............
(அ) பரங்கிக்காய் (ஆ) டர்னிப் கிழங்கு (இ) உருளைக்கிழங்கு

2. 1920ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் வந்த நகரம் ............
(அ) பிலடெல்பியா (ஆ) மேப்பிள்வுட் (இ) அனோக்கா

ஆ) பிரித்து எழுதுக.

1. வேடமிட்டு = ............ + ............
2. பெருவிழா = ............ + ............
3. வெற்றிடம் = ............ + ............

இ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பரங்கிக்காய் அப்பெயர் பெற்றமைக்குக் கூறப்படும் காரணம் யாது?
2. பள்ளி அணிவகுப்பில் விலக்கப்படும் மூன்றனைக் குறிப்பிடுக.
3. நீலப்பச்சைப் பரங்கிக்காய் உணர்த்தும் செய்தி யாது?

ஈ) ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. அனோக்கா நகரத்தார் இளைஞர்களின் குறும்பை எவ்வாறு மாற்றினர்?
2. பள்ளி நேரத்தில் ஹாலோவீன் வேண்டாம் என்னும் முடிவு சரியானதா? இரு சாரார் கருத்தையும் எழுதி, உமது கருத்தைக் காரணத்துடன் நிறுவுக.

உ) கலந்துரையாடுக.

உங்கள் பள்ளி மாறுவேடப் போட்டியில் தமிழர் போன்று ஒருவர் வேடமிட்டு வருகிறார். எவ்வாறு வந்தால் நீங்கள் மகிழ்வீர்கள்? எவ்வாறு வந்தால் வருந்துவீர்கள்? குழுவாகப் பேசி எழுதுக.

ஊ) செயல்திட்டம்

உங்கள் தாத்தா, பாட்டியிடம் அல்லது பெற்றோரிடம், ஊரில் கொண்டாடிய ஒரு விழாவைப் பற்றிக் கேட்டறிக. இப்போது வாழும் ஊரில் அதில் மாறியவை எவை, மாறாதவை எவை எனப் பட்டியலிட்டு வகுப்பில் படித்துக் காட்டுக.