கிளவுட் ஏஐ அடிப்படைத் தேர்வு: போச்சம்பள்ளியிலிருந்தே தயாராகலாம்

டிப்ளமோ முடித்துவிட்டு சிப்காட்டில் ஷிஃப்டு வேலைக்குப் போகிறீர்களா? பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறீர்களா? கணினித் துறையில் முதல் படி வைக்க நினைப்பவர்கள் எழுதக்கூடிய தேர்வுகளில் ஒன்று 'ஏடபிள்யூஎஸ் சர்ட்டிஃபைடு ஏஐ பிராக்டிஷனர்'. கோடிங் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கட்டணம் 100 டாலர், வரி தனி. தோற்றால் 14 நாள் காத்திருந்து, மறுபடியும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் நன்றாகத் தயாரான பிறகே பணம் கட்டுங்கள்.

தேர்வு எப்படி இருக்கும்?

65 கேள்விகள், 90 நிமிடம். 50 கேள்விகளுக்குத்தான் மதிப்பெண். மீதி 15 சோதனைக்காகச் சேர்த்தவை. எவை என்று நமக்குத் தெரியாது. 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. மைனஸ் மார்க் கிடையாது. ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

பாடப் பகுதிகள்:
• ஏஐ, மெஷின் லேர்னிங் அடிப்படை – 20%
• ஜெனரேட்டிவ் ஏஐ அடிப்படை – 24%
• ஃபவுண்டேஷன் மாடல்களின் பயன்பாடு – 28%
• பொறுப்பான ஏஐ – 14%
• பாதுகாப்பு, விதிமுறை, நிர்வாகம் – 14%

இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தாலே 52%. பாதி நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

நம்ம ஊர் உதாரணத்தில் படியுங்கள்

மாம்பழப் படங்களில் 'நல்லது', 'அழுகல்' என்று குறித்துக் கொடுத்துக் கணினிக்குக் கற்பிப்பது சூப்பர்வைஸ்டு லேர்னிங். பெங்களூரா மாம்பழத்தின் படங்களை மட்டும் கொடுத்துவிட்டு செந்தூராவைக் காட்டினால் தடுமாறும். அதுதான் தரவில் உள்ள சார்பு. இதிலிருந்து கேள்வி வரலாம்.

பட்டா மாற்றத்துக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று ஏஐ-யிடம் கேட்கிறீர்கள். இல்லாத ஒரு சான்றிதழை அது துணிந்து சொல்கிறது. இதற்குப் பெயர் ஹாலுசினேஷன். இதைக் குறைக்க மூன்று வழிகளை வரிசையாக நினைவில் வையுங்கள். கேள்வியைத் தெளிவாகக் கேட்பது பிராம்ப்ட் இன்ஜினியரிங். அரசாணையைக் கையில் கொடுத்து, அதைப் பார்த்துப் பதில் சொல்ல வைப்பது ராக். புத்தகம் பார்த்து எழுதுகிற பரீட்சை மாதிரி. மாடலுக்கே கூடுதல் பயிற்சி கொடுப்பது ஃபைன் டியூனிங். தனி ட்யூஷன் மாதிரி, செலவு அதிகம். "குறைந்த செலவில் எது?" என்று கேள்வி வந்தால் இந்த வரிசை கைகொடுக்கும்.

சேவைகளின் பெயர்களை வேலையோடு சேர்த்துப் படியுங்கள். ஆவணத்திலிருந்து எழுத்தை எடுக்க டெக்ஸ்ட்ராக்ட், பேச்சை எழுத்தாக்க டிரான்ஸ்கிரைப், எழுத்தைப் பேச்சாக்க பாலி, படத்தைப் புரிந்துகொள்ள ரெகக்னிஷன், ஃபவுண்டேஷன் மாடல்களைப் பயன்படுத்த பெட்ராக்.

பொறுப்பான ஏஐ பகுதிக்கு, தமிழ்நாடு அரசு 2020-இல் வெளியிட்ட பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையையும் ஒருமுறை படியுங்கள். கருத்துகள் எளிதில் பிடிபடும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் கவனிக்க

இத்தேர்வைத் தமிழில் எழுத முடியாது. ஆனால் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். உங்கள் தேர்வுக் கணக்கில் இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேதி பதிவு செய்வதற்கு முன்பே செய்துவிடுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

பதிவு செய்யும் முன்

• கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் மாறினாலே சிக்கல்தான்.
• வீட்டிலிருந்து எழுதினால் தனி அறை, கேமரா, நிலையான இணையம் தேவை. மின்தடை பயம் இருந்தால் பெங்களூரில் உள்ள தேர்வு மையத்தைத் தேர்ந்தெடுங்கள்.
• ஏடபிள்யூஎஸ் ஸ்கில் பில்டர் தளத்தில் இலவசப் பாடங்கள் உள்ளன. 'நான் முதல்வன்' தளத்திலும் உங்களுக்கு ஏற்ற பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள்.
• "உண்மையான கேள்விகள் தருகிறோம், பாஸ் கேரண்டி" என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். கசிந்த கேள்விகளைப் பயன்படுத்தினால் சான்றிதழே ரத்தாகலாம்.

தினமும் ஒரு மணி நேரம் என்று ஆறு வாரம் ஒதுக்குங்கள்: நான்கு வாரம் பாடம், இரண்டு வாரம் மாதிரித் தேர்வு. தவறிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, ஏன் தவறு என்று ஒரு வரி தமிழில் குறித்துவையுங்கள். மாதிரித் தேர்வில் தொடர்ந்து 80% வந்த பிறகு தேதி குறிக்கலாம்.

சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். அது மட்டுமே வேலை வாங்கித் தந்துவிடாது. ஆனால் நேர்முகத் தேர்வில் "ஏஐ பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டால், மாம்பழத்தை வைத்தே தெளிவாக விளக்க உங்களால் முடியும்.