பழைய மிதிவண்டியைச் சீர்ப்படுத்தும் முறை

ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் மிதிவண்டி குடும்பச் சொத்தாக மதிக்கப்பட்டது. விடியுமுன் பால்மரக் காட்டிற்குச் செல்லவும், நிறுவைக் கொட்டகைக்குப் பால் சுமக்கவும், பட்டணத்தில் சாமான் வாங்கி வரவும், பிள்ளையை முன்கம்பியில் உட்கார வைத்துத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் அந்த ஒரே வண்டிதான் பயன்பட்டது. இன்று அவ்விடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. எனினும், லயங்களின் பின்புறத்திலும் பழைய இரும்புக் கடைகளிலும் துருவேறிய கறுப்பு வண்டிகள் சாய்ந்து கிடப்பதை நாம் இன்னும் காண்கிறோம். அவற்றைச் சொற்ப விலைக்கு வாங்கிச் சீர்செய்வோர் பலர். பெட்ரோல் செலவை மிச்சப்படுத்த எண்ணுவோரும் உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைக்காகச் செய்வோரும் உண்டு. பழம்பொருளின் மேலுள்ள ஆசையால் செய்வோரும் உண்டு.

இம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால் பெரும்பாலோர் முதல் வேலையாகச் சாயம் வாங்குகின்றனர். பளபளக்கும் சட்டத்திற்குக் கீழே தேய்ந்த பேரிங்கும் பிடிக்காத பிரேக்கும் அப்படியே இருக்கும். மலைச்சரிவில் அமைந்த தோட்டத்தில் அவ்வண்டியைப் பிள்ளையிடம் கொடுத்து, மழை நாளில் செம்மண் இறக்கத்தில் இறங்கச் சொன்னால் நேரக்கூடியதை நாம் விளக்க வேண்டுவதில்லை. ஆகவே, கையிலிருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

துருவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வளைவைக் கண்டே அஞ்ச வேண்டும். முன்புறம் எதிலேனும் மோதிய வண்டியில் முன்கவை பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும். தலைக்குழாயை அடுத்த கீழ்க்குழாயின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால், அங்கே சாயம் சுருக்கம் விழுந்தோ குழாய் புடைத்தோ இருக்கும். அத்தகைய வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் உதிரிப் பாகங்களுக்கு மட்டுமே உதவும். சட்டம் நேராக உள்ளதா என்று அறிய ஒரு நூலே போதும். பின்சக்கர அச்சு பொருந்தும் இடத்தின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்தில் இறுகக் கட்டவேண்டும். பிறகு, இருக்கைக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளக்கவேண்டும். அளவு ஒத்திருந்தால் சட்டம் நேர்.

அடுத்து டயரின் அளவு. இதில் ஏமாறுவோர் மிகப் பலர். ரேலி, ஹம்பர், ரட்ஜ் போன்ற ஆங்கிலேயக் கறுப்பு வண்டிகளில் பெரும்பாலும் 28 அங்குலம் பெருக்கல் 1½ அங்குல டயர் இருக்கும். இதன் உள்விளிம்பு விட்டம் 635 மில்லிமீட்டர். இக்காலத்தில் 28 அங்குலம் என்ற பெயரிலேயே விற்கப்படும் வேறொரு டயரின் விட்டம் 622 மில்லிமீட்டர். அது இதில் ஏறாது. அவ்வாறே, 26 அங்குலம் பெருக்கல் 1⅜ என்னும் பழைய டயரின் விட்டம் 590. மலைப்பாதை மிதிவண்டியின் 26 அங்குல டயரோ 559. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்து வாங்கினால் பணம் வீணாகாது. பழைய கறுப்பு வண்டியின் மாதிரியில் இந்தியாவில் இன்றும் வண்டிகள் செய்யப்படுவதால், 635 அளவு டயரும் ரிம்மும் கிடைக்கவே செய்கின்றன.

டயரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தது மிதிவண்டிக்காகத்தான். 1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் பரவியபோது ரப்பரின் தேவை பெருகிற்று. 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வாணிப நோக்கோடு ரப்பர் பயிரிடத் தொடங்கினார். மோட்டார் வண்டியின் காலம் அதன் பிறகே வந்தது. நம் தோட்டங்களின் பிறப்பில் மிதிவண்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

கழற்றுதல்

பழைய வண்டியில் நம் பொறுமையைச் சோதிப்பது கிராங்க் கையைப் பிடித்திருக்கும் கோட்டர் பின் என்னும் ஆப்பு. ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்து இறுகிய இந்த ஆப்பைச் சிறு சுத்தியலால் பலமுறை தட்டினால் அது வளைந்து நசுங்குமேயொழிய வெளிவராது. முதல் நாள் இரவே துருவிளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைக்க வேண்டும். மறுநாள் நட்டைத் தளர்த்தி, ஆப்பின் நுனியோடு சமமாக நிற்கும்படி விடவேண்டும். முழுவதும் கழற்றினால் அடியில் புரி கெட்டுவிடும். பின்னர் கிராங்க் கையின் அடியில், ஆப்பின் தலை புகும் அளவுள்ள இரும்புக் குழாய் ஒன்றைச் சிமெந்துத் தரையில் நிறுத்தி முட்டுக் கொடுக்கவேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் பேரிங் குண்டுகளில் இறங்கிக் கிண்ணத்தில் குழி விழும். முட்டுக் கொடுத்தபின் கனத்த சுத்தியலால் ஒரே அடி, நேரான அடி. பெரும்பாலும் அதிலேயே ஆப்பு நகர்ந்துவிடும். புதிய ஆப்பு வாங்கச் செல்லும்போது பழையதைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது, 9.5 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் என இரு தடிமன்களில் அது வருகிறது.

இரண்டு இடங்களில் புரி தலைகீழாக இருக்கும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இடப்பக்கப் பெடலும், நடு அச்சின் வலப்பக்கக் கிண்ணமும் வழக்கத்திற்கு மாறாக வலமாகச் சுற்றினால்தான் கழலும். வலக் கிண்ணம் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றாமலே துடைத்துவிடலாம். மேலும், நாட்டிங்ஹாமில் செய்யப்பட்ட ரேலி வண்டிகள் பலவற்றில் நடு அச்சுக் கிண்ணத்தின் புரி அங்குலத்திற்கு 26. மற்ற ஆங்கிலேய வண்டிகளில் அது 24. ஒன்றை மற்றொன்றில் வலிந்து முறுக்கினால் சட்டமே பாழாகும்.

பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மங்கலோ புள்ளியோ தென்பட்டால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே முறை. அவை விலை குறைந்தவை. நடு அச்சில் பொதுவாகப் பக்கத்திற்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். முன்சக்கரத்தில் பக்கத்திற்கு 10 வீதம் 3/16 அங்குலக் குண்டுகள். இடம் இருக்கிறதே என்று ஒன்று கூடுதலாகத் திணித்தல் ஆகாது. மண்ணெண்ணெய் டயரிலும் பிரேக் கட்டையிலும் படாதிருக்க வேண்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும் என்பது ரப்பரோடு பழகிய நமக்குத் தெரியாததன்று.

சங்கிலியை அளந்து பார்க்க அடிக்கோல் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் தள்ளியுள்ள ஆணியின் நடுவரை, புதிய சங்கிலி சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்குமேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் சங்கிலியை மாற்றவேண்டும். 1/8 அங்குலம் நீண்டுவிட்டால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். இரண்டையும் மாற்ற நேரும்.

துரு

துருவைப் போக்குவதற்குச் சிலர் ரப்பர்ப் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்தைத் தேடுகின்றனர். தோட்டத்தில் எளிதில் கைக்கு எட்டுவதால் வரும் எண்ணம் இது, மிகவும் ஆபத்தானது. அந்த அமிலம் துருவோடு நில்லாமல் எஃகையும் அரிக்கும். தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. அடைத்த அறையில் அதன் ஆவி மார்பை அடைக்கும். அதை ஒரு சிறு குப்பியில் வீட்டிற்குக் கொண்டுவருவதே கூடாது. தண்ணீரென்று எண்ணிப் பிள்ளைகள் எடுக்கக்கூடும்.

நம் அண்டைவீட்டு மலாய்க்காரர்கள் சமையலுக்குப் பயன்படுத்தும் பெலிம்பிங் பூலோ என்னும் புளிப்புக் காயில் ஆக்சாலிக் அமிலம் மிகுந்துள்ளது. கிரிஸ் கத்தியின் துருவைப் போக்கவும் அது பயன்பட்டு வந்துள்ளது. அக்காயை நசுக்கிய சாற்றில் நட்டு, போல்ட்டு முதலிய சிறு பாகங்களை ஓரிரவு ஊறவைத்து, நன்கு கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் தடவினால் போதும். குரோம் பூச்சுள்ள பாகங்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தோய்த்துத் தேய்க்கவேண்டும். அலுமினியம் குரோமைவிட மென்மையானதாகையால் கீறல் விழாது.

பிரேக்

பணத்தின் பெரும்பகுதி செல்லவேண்டிய இடம் இதுவே. பழைய கறுப்பு வண்டிகளில் கம்பித் தண்டுகளால் இழுக்கப்படும் பிரேக் இருக்கும். அதன் கட்டைகள் ரிம்மின் பக்கத்தைப் பிடிப்பதில்லை. உள்வளைவை நோக்கி மேலே இழுத்து அழுத்துகின்றன. ஆகவே, அதன் ரிம் தனி வகையைச் சேர்ந்தது. கம்பித் தண்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கேபிள் பிரேக் பொருத்தினால் போதுமென்று எண்ணுவோர், பக்கம் உருண்ட அந்த ரிம்மைப் பிரேக் கட்டைகள் சரிவரப் பிடிக்காததைப் பிறகுதான் காண்கின்றனர். பிரேக் மாறினால் ரிம்மும் மாறவேண்டும்.

பெருங்குறை ஒன்றும் உண்டு. குரோம் பூசிய எஃகு ரிம் நனைந்துவிட்டால் பிரேக்கின் பிடிப்பு வெகுவாகக் குறைகிறது. உலர்ந்த தரையில் சட்டென நிற்கும் வண்டி, மழையில் அதைப் போலப் பலமடங்கு தூரம் ஓடியபின்பே நிற்கும். நம் நாட்டின் மழையில் இதைச் சிறிய குறையாகக் கருத முடியாது. இதற்கு நாம் பரிந்துரைக்கும் மாற்றம், பின்சக்கரத்தில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் குடப் பிரேக்கைப் பொருத்துவதாகும். அது குடத்திற்குள்ளேயே வேலை செய்வதால் மழை அதைத் தொடுவதில்லை. அதன் பக்கத்திலுள்ள பட்டைக் கையைச் சட்டத்தோடு பட்டியிட்டு இறுக்குவது இன்றியமையாதது. விட்டுவிட்டால் அச்சே சுழன்று வண்டி நில்லாமற் போகும். சங்கிலி கழன்றால் குடப் பிரேக் முற்றிலும் செயலற்றுவிடும். எனவே, முன் பிரேக்கை எக்காரணம் கொண்டும் கழற்றலாகாது. செலவு செய்ய இயலாதவர்கள் புதிய கட்டைகளைப் பொருத்தி, சக்கரத்தின் கோணலை எடுத்து, இறக்கம் தொடங்குமுன்பே பிரேக்கை மெல்லப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டும்.

எஃகு ரிம்மிற்கு ஒரு நற்சான்றும் உண்டு. 1941 டிசம்பரில் படையெடுத்து வந்த ஜப்பானியப் படையினர் தெற்கே சிங்கப்பூரை நோக்கி மிதிவண்டிகளில் விரைந்தபோது, டயர் கெட்டவர்கள் வெறும் ரிம்மிலேயே ஓட்டிச் சென்றனர். அந்த இரைச்சல் கவச வண்டிகளின் ஓசையைப் போன்றிருந்ததாம்.

தேவைக்கேற்ற மாற்றங்கள்

மேடு ஏறச் சிரமமாக இருந்தால் பின்புறப் பற்சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம். முன்னே 46 பல், பின்னே 18 பல் உள்ள வண்டியில் ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய 2.56 முறை சுழலும். பின்னே 22 பல் வைத்தால் 2.09 முறை சுழலும். வேகம் சற்றுக் குறையும், முழங்காலுக்கு நிம்மதி. சங்கிலியில் ஓர் அங்குல நீளம் கூட்ட வேண்டியிருக்கலாம்.

சில வண்டிகளில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேகக் குடம் இருக்கும். 1902-இல் நாட்டிங்ஹாமில் தொடங்கிய அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தைவான் நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. பழைய குடங்களின்மேல் செய்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் வயதை அறிய அது உதவும். இந்தக் குடத்தைக் கழற்றவேண்டிய அவசியம் அரிதே. எண்ணெய்த் துளையில் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டால் பெரும்பாலும் உயிர்பெற்றுவிடும். ஆனால் கேபிளைச் சரியாக அமைக்கவேண்டும். நெம்புகோலை நடு வேகத்தில் வைத்து, வலப்பக்க நட்டின் துளைவழியே பார்த்தால், சிறு சங்கிலி தொடங்கும் கம்பியின் தோள் அச்சின் நுனியோடு சமமாக நிற்கவேண்டும். இல்லையேல், எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென வெறுமையாகச் சுழன்று ஓட்டுபவரை முன்னே சாய்த்துவிடும்.

பாரம் ஏற்றுவோர் ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சுமை உயரத்தில் இருந்தால் வண்டி தள்ளாடும். பின் அச்சிற்குப் பின்னே போனால் முன்சக்கரம் இலேசாகித் திருப்பத்தில் வழுக்கும். பாதி நிறைந்த, மூடியில்லாத வாளி எல்லாவற்றினும் மோசம். இருளில் செல்வோருக்குப் பழைய 6 வோல்ட் டைனமோ விளக்கு அழகுதான். ஆனால் வண்டி நின்றதும் அதுவும் அணைந்துவிடும். மின்கலத்தில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னே கூடுதலாகப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

சாயம் பூசுவது இதற்கெல்லாம் பிறகுதான். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும்; உலர்ந்த நிலையில் தேய்த்து அதன் தூசியைச் சுவாசித்தல் ஆகாது. தண்ணீர் தொட்டு மணல்தாளால் தேய்த்து, பிள்ளைகளை அப்பால் வைத்து, வேலை முடிந்ததும் கைகளையும் உடையையும் கழுவவேண்டும். கறுப்புச் சாயமும் பொன்வரிகளும் ஓரளவு எஞ்சியிருந்தால் மெழுகு தடவி அப்படியே விட்டுவிடுவது நம் கருத்தில் சிறந்தது. பழைய வண்டியை விரும்புவோர் ரேலியின் நாரைத் தலைச் சின்னத்தையும், மட்கார்டில் ஒட்டியிருக்கும் பழைய உரிமத் தகட்டையுமே முதலில் தேடுகின்றனர்.

பூட்டி முடித்த வண்டியை முதல் வாரம் சமதரையில் மட்டும் ஓட்டவேண்டும். புதிய கோட்டர் பின் தன் இடத்தில் அமர்ந்து நட்டு தளரும், ஆரக்கம்பிகளும் இளகும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் இவ்விரண்டையும் மீண்டும் இறுக்கி, பிரேக் கட்டைக்கும் ரிம்மிற்கும் உள்ள இடைவெளியைச் சரிபார்த்த பிறகே இறக்கத்தில் விடவேண்டும்.